யாழ்ப்பாணத்தில் இலவசக் கண் முகாம்: மூன்று கிழமைக்கு வாறம், எதைக் கொண்டு வரலாம், எதைச் செய்யக்கூடாது?

பனங்கூடல் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நான் ரொரன்ரோவில் கண்ணாடிக்கடையில் வேலை. லென்ஸ் வெட்டி பிறேமில் பூட்டுறது, ஆளுக்கு அளவெடுத்துப் பொருத்துறதுதான் என்ர தொழில். என்னோட வாற இரண்டு பேரில் ஒருவர் பதிவுபெற்ற ஒப்ரோமெற்றிஸ்ற் (கண்ணைச் சோதிச்சுக் கண்ணாடி எழுதுறவர்), மற்றவர் நேர்ஸ். ஓகஸ்ட்டில் மூன்று கிழமை யாழ்ப்பாணத்தில் நிற்பம். ஊர்ச் சங்கம் ஒன்று நெடுந்தீவில் ஒரு நாள், புங்குடுதீவில் ஒரு நாள், வலிகாமத்தில் இரண்டு நாள் முகாம் வைக்கலாம் எண்டு சொல்லுது.

கேட்க வேண்டியது இதுகள்தான். கோயில் மூலமாக 400 பழைய கண்ணாடி சேர்ந்து கிடக்கு, கொண்டு வரலாமா? சங்கம் ஒரு நாளைக்கு 200 பேர் எண்டு கணக்குப் போடுது, அது நடக்கக்கூடிய காரியமா? கையில் பிடிக்கிற ஓட்டோ றிஃப்ராக்ரர் (கண்ணின்ர பவரைத் தானா அளக்கிற கருவி) ஒன்று கிடைக்கும், அது இருந்தால் மிச்சச் சாமான் தேவையில்லையா? கண்புரை இருக்கிற ஆளைக் கண்டுபிடிச்சால் அதுக்குப் பிறகு என்ன? தெரிஞ்சவை விரிவாச் சொல்லுங்கோ.

ஆறு மீற்றர் எழுதியது:

பழைய கண்ணாடியிலிருந்து தொடங்குகிறேன். அந்த 400ஐயும் விமானம் ஏற்றாதீர்கள். ஒவ்வொன்றையும் லென்ஸ் மீற்றரில் வைத்துப் பவர், சிலிண்டர் (ஒரு திசையில் மட்டும் திருத்தும் பவர்), அதன் அச்சு, மையம் நான்கையும் எழுத வேண்டும். எழுதி முடித்த பிறகும் ஒரு ஆளின் இரண்டு கண்ணுக்கும் பொருந்துகிற ஒன்று அந்தப் பெட்டிக்குள் கிடப்பது அபூர்வம். 2012இல் வெளியான ஓர் ஆய்வில், சேகரித்த பழைய கண்ணாடிகளில் நூற்றுக்கு 7 மட்டுமே பாவிக்கக்கூடியவையாக இருந்தன. கீறல் விழுந்தது, கால் உடைந்தது, பைஃபோகல், மற்றவருக்கென்றே அரைத்த சிலிண்டர் என்று மிச்சமெல்லாம் கழிந்துபோகும்.

"கிட்டமுட்டச் சரியானது" என்று கொடுக்கும்போது என்ன பிழைக்கிறது என்பது உங்கள் தொழிலில் உங்களுக்குத் தெரிந்த கணக்குத்தான். சிலிண்டர் அச்சு 30 பாகை விலகினால் அந்தச் சிலிண்டரால் கிடைத்திருக்க வேண்டிய திருத்தம் முழுவதும் போய்விடும். மைனஸ் 4.00 லென்ஸின் மையம் கண்மணியிலிருந்து 5 மி.மீ. தள்ளி விழுந்தால் அந்தக் கண்ணில் 2 பிறிஸம் (காட்சியைப் பக்கத்துக்குத் தள்ளும் விலகல்) ஏறும். போட்டவர் தலையிடி என்று கழற்றி வைப்பார். அவர் வீட்டில் பிறகு ஒருவரும் கண்ணாடி போடச் சம்மதிக்கமாட்டார்கள், அதுதான் பெரிய நட்டம்.

அதற்குப் பதிலாகப் புதிய வாசிப்புக் கண்ணாடி கொண்டு வாருங்கள். +1.00 முதல் +3.00 வரை, 0.50 இடைவெளியில். பாதிக்கு மேல் +2.00, +2.50 ஆக இருக்கட்டும், ஏனென்றால் வருகிறவர்களில் கூடுதலானோர் ஐம்பது தாண்டியவர்கள். 40 வயதுக்கு +1.00, 45க்கு +1.50, 50க்கு +2.00, 60க்கு +2.50 என்பது தொடங்குகிற இடம் மட்டும். எந்த வேலைக்குக் கண்ணாடி என்று கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். மேசையில் ஊசியும் நூலும், ஒரு சுளகில் கொஞ்ச அரிசியும் வையுங்கள். புத்தகம் 40 செ.மீ.இல் பிடிப்பது. சுளகு மடியில் இருக்கும்போது கண்ணிலிருந்து 60 செ.மீ. வரும். அறுபது வயது அம்மாவுக்குப் பத்திரிகை வாசிக்க +2.50 சரி, ஆனால் அரிசியில் கல் பொறுக்க +1.75 போதும். பத்திரிகைக்கென்று கொடுத்த கண்ணாடியோடு சுளகைப் பார்த்தால் அவர் குனிந்தே இருக்க வேண்டும், நாரி நோகும். இதற்காக +1.75இலும் கொஞ்சம் கொண்டு வாருங்கள். வலை பொத்துகிறவர், பனையோலை இழைக்கிறவர் எல்லோருக்கும் இதே மாதிரி அந்த வேலையைச் செய்யும் தூரத்தைக் கையால் காட்டச் சொல்லி அளந்து கொடுங்கள்.

தூரப்பார்வைக்குத் தயார்க் கண்ணாடி கொடுப்பதென்றால் இரண்டு கண்ணுக்கும் பவர் வித்தியாசம் அரை டயொப்டருக்கு (பவரின் அலகு) மேல் இல்லாமலும் சிலிண்டர் 0.75க்குக் குறைவாகவும் இருக்க வேண்டும். மற்றவர்களுக்கு அளவெடுத்துச் செய்துதான் கொடுக்க வேண்டும். யாழ்ப்பாண நகரத்தில் லென்ஸ் வெட்டுகிற கடைகள் இருக்கின்றன, அவற்றோடு முன்கூட்டியே பேசி வையுங்கள்.

ஓட்டோ றிஃப்ராக்ரர் உதவும், ஆனால் அது தொடக்க எண்ணைத்தான் தரும். சின்னப் பிள்ளை கருவிக்குள் உற்றுப் பார்க்கும்போது கண் தானாகக் கிட்டத்துக்குக் குவியும், கருவி இல்லாத மைனஸைக் காட்டும். 15 வயதுக்குக் குறைந்த எந்தப் பிள்ளைக்கும் அந்த எண்ணை வைத்துக் கண்ணாடி எழுதக்கூடாது. கண் குவிவதைத் தற்காலிகமாக நிறுத்தும் சைக்ளோபென்ரோலேற் சொட்டு 1 சதவீதம் விட்டு 30 முதல் 40 நிமிடம் பொறுத்து ரெற்றினோஸ்கோப்பால் (கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பவர் கணிக்கும் கருவி) பார்க்க வேண்டும். அதற்கு வசதியும் வைத்தியரும் இல்லையென்றால் துண்டு எழுதி ஆதார வைத்தியசாலைக் கண் கிளினிக்குக்கு அனுப்புங்கள். ரெற்றினோஸ்கோப், ட்றயல் செற் (சோதனை லென்ஸ் பெட்டி), அந்த லென்ஸைப் போட்டுப் பார்க்கும் ட்றயல் பிறேம் மூன்றும் கட்டாயம். ரெற்றினோஸ்கோப்புக்கு உதிரி பல்ப் இரண்டு.

பார்வைக் கூர்மை பார்க்கும் இடத்தில்தான் முகாம்கள் கூடுதலாகப் பிழைக்கின்றன. சனசமூக நிலைய மண்டபத்தில் 6 மீற்றரை ரேப்பால் அளந்து நிலத்தில் சோக்கால் கோடு போடுங்கள், கதிரையின் பின்கால் அந்தக் கோட்டில் நிற்கட்டும். அடியை எண்ணி அளக்க வேண்டாம். சாட்டுக்குப் பின்னால் யன்னல் இருக்கக்கூடாது, வெளிச்சம் கண்ணில் குத்தி எழுத்து மங்கும். எழுத வாசிக்கத் தெரியாதவர்களுக்கு ஆங்கில ஈ எழுத்தை நாலு பக்கமும் திருப்பி அச்சிட்ட சாட் வேண்டும், "அது பார்த்த பக்கம் மூன்று விரலைக் காட்டுங்கோ" என்றால் புரியும். கண்ணை மறைக்கும்போது விரலால் மறைக்க விடாதீர்கள். இடுக்கால் பார்ப்பார்கள், அல்லது விரல் கண்ணை அமத்தி, கையை எடுத்த பிறகு அந்தக் கண் ஒரு நிமிடம் மங்கலாக இருக்கும். குழித்த உள்ளங்கை, அல்லது கரண்டி மாதிரி மறைப்பான்.

6/12 வரியை (நல்ல கண் 12 மீற்றரிலிருந்து வாசிக்கும் எழுத்து) 6 மீற்றரில் வாசிக்க முடியாத கண்ணுக்கு உடனே பின்ஹோல். 1.2 மி.மீ. துளையால் பார்த்துக் கூடினால் கண்ணாடிக் குறை. கூடாவிட்டால் கண்ணுக்குள் ஏதோ இருக்கிறது, கண்ணாடி மேசைக்கு அல்ல, வைத்தியரின் வரிசைக்கு. இந்த ஒரு படியைத் தவறவிட்டால் கண்புரைக்காரர் எல்லோரும் ஒப்ரோமெற்றிஸ்ற்றின் முன்னால் குவிந்து வரிசை நின்றுவிடும்.

200 பேர் நடக்காது. றிஃப்ராக்‌ஷன் (கண்ணாடிப் பவர் சோதனை) ஒழுங்காகச் செய்ய ஒரு ஆளுக்கு 10, 12 நிமிடம். ஒரு ஒப்ரோமெற்றிஸ்ற் 6 மணித்தியாலத்தில் 30 பேரைப் பார்ப்பார். பின்ஹோல் வடித்து அனுப்பினால் பதிவு 80 வரை போகலாம்.

தீவகத்தான் எழுதியது:

ஆறு மீற்றர் சொன்னதுக்கு மேல ஒழுங்குப் பக்கத்தைச் சொல்லுறன்.

முதல் கடிதம். உங்கட சங்கம் பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளருக்கும் அந்தந்தப் பிரதேச சுகாதார வைத்திய அதிகாரிக்கும் எழுதி அனுமதி எடுக்கவேணும். பிரதேச செயலகத்துக்கும் ஒரு பிரதி. வெளிநாட்டு வைத்தியர் எவராவது நோயாளியைப் பார்க்கிறதெண்டால் இலங்கை மருத்துவ சபையின்ர தற்காலிகப் பதிவு வேணும். உங்கட ஒப்ரோமெற்றிஸ்ற்றும் நேர்ஸும் என்ன செய்யலாம் எண்டதை அனுமதி தாற அதிகாரிகளிட்டயே எழுத்தில கேளுங்கோ, விசா வகையையும் ரிக்கற் போடமுதல் கேளுங்கோ. கண் மருந்து ஒண்டும் பெட்டிக்குள்ள போட்டுக்கொண்டு வராதேங்கோ. நன்கொடை மருந்துக்குச் சுகாதார அமைச்சின்ர அனுமதி, தேசிய மருந்துகள் ஒழுங்குபடுத்தல் அதிகார சபையின்ர அனுமதி எல்லாம் வேணும். இல்லாட்டிச் சுங்கத்தில கிடக்கும். உள்ளூர் வைத்தியர் எழுதி இஞ்சை வாங்கிறதுதான் சுகம்.

ஓகஸ்ட் எண்டால் இரண்டு விசயம். நல்லூர்த் திருவிழா 25 நாள், அந்த நாளுகளுக்குள்ள தேரும் தீர்த்தமும் விழுற கிழமையில வலிகாமத்தில முகாம் வைச்சால் சனம் வராது, தங்க இடமும் கிடைக்காது. கொடியேற்றத் திகதியைப் பார்த்துப்போட்டு நாள் குறியுங்கோ. மற்றது சோளகக் காற்று, தென்மேற்கிலயிருந்து அடிக்கிறது. குறிகட்டுவானிலயிருந்து நெடுந்தீவுக்குக் கிட்டத்தட்ட ஒரு மணித்தியாலம் கடல், சோளகத்துக்கு அலை எழும்பித் தெறிக்கும். ட்றயல் செற், ஓட்டோ றிஃப்ராக்ரர் எல்லாத்தையும் மூடி இறுகிற பிளாஸ்ரிக் வாளியில, சிலிக்கா ஜெல் பையோட வைச்சு, மூடியைச் சுத்தி ரேப் ஒட்டுங்கோ. உப்புக் காத்து பட்ட லென்ஸை அண்டைக்கு இரவே நல்ல தண்ணியில நனைச்ச துணியால துடைக்காட்டி, ட்றயல் செற்றின்ர உலோக வளையம் துருப்பிடிக்கும். வெயிலில நிக்கிற வானுக்குள்ள கருவியை விடவே கூடாது. குடிதண்ணியும் கொண்டு போங்கோ, நெடுந்தீவுக் கிணறு கனக்க உவர். கருவி எல்லாம் பற்றரியில ஓடவேணும், முதல்நாள் இரவே சார்ஜ் ஏத்துங்கோ.

முகாமுக்கு இரண்டு கிழமைக்கு முதல் ஊருக்குள்ள தெரிஞ்ச ஆக்கள், குடும்பநல உத்தியோகத்தர் அல்லது மாதர் சங்கத்துப் பிள்ளையள், வீடு வீடாப் போய்ப் பார்வை பார்த்து நம்பர் துண்டு குடுக்கவேணும். 6 மீற்றர் கயிறு ஒண்டும், ஒரு பெரிய ஈ எழுத்து அட்டையும் காணும். கோயில் ஸ்பீக்கரில மட்டும் அறிவிச்சால் நடக்கக்கூடியவைதான் வருவினம். ஒரு கண்ணும் தெரியாமல் திண்ணையில இருக்கிற ஆச்சி வரமாட்டா. அவவைத்தான் தேடிப் போகவேணும், ஓட்டோ பிடிச்சுக் கூட்டிக்கொண்டு வாறதுக்கு முகாம் காசில ஒதுக்குங்கோ.

வாட்டு மிஸ் எழுதியது:

கண்மணி விரிக்கிற சொட்டு மருந்து பற்றி ஒருவரும் எழுதவில்லை. நாற்பதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் விடலாம் என்று சில முகாம்களில் செய்கிறார்கள், நான் உடன்படமாட்டேன்.

ட்றோபிகமைட் விட்டால் விரிய 20 முதல் 30 நிமிடம். நம் ஆட்களின் கறுத்த கண்ணுக்கு இரண்டாவது சொட்டும் தேவைப்படும். 4 முதல் 6 மணித்தியாலம் வெயில் கூசும், கிட்டப்பார்வை மங்கும். அந்தக் கண்ணோடு சைக்கிளிலோ மோட்டார் சைக்கிளிலோ வீட்டுக்குப் போகக்கூடாது. இதைவிட முக்கியம், முன்னறை (கருவிழிக்குப் பின்னால் உள்ள இடைவெளி) ஒடுங்கிய கண்ணில் விட்டால் கண்ணுக்குள் பிறஷர் திடீரென்று ஏறலாம். கண் சிவந்து, தலை வெடிக்கிற மாதிரி நோவும் சத்தியும் வரும். அது பின்னேரமோ இரவோதான் வரும். நெடுந்தீவில் கடைசிப் படகு போன பிறகு அப்படி ஒருவருக்கு வந்தால் என்ன செய்வீர்கள்? ஆகவே தீவு முகாமில் விரிக்க வேண்டாம், விரிக்க வேண்டியவர்களை நாள் குறித்துப் பெரிய வைத்தியசாலைக்கு எடுங்கள். வலிகாமத்தில் என்றாலும் முதலில் ரோச் லைற்றைக் கண்ணின் காதுப்பக்கத்திலிருந்து கிடையாக அடித்துப் பாருங்கள். கண்மணியைச் சுற்றியுள்ள நிறத் திரையின் மூக்குப்பக்கத்தில் நிழல் விழுந்தால் விடாதீர்கள். எந்த மருந்துப் போத்தலிலும் திறந்த திகதியைப் பேனையால் எழுதுங்கள், 28 நாளில் எறிய வேண்டும்.

சிவந்த கண்ணுக்கு ஸ்ரீரொயிட் சொட்டு ஒருவருக்கும் கொடுக்கக்கூடாது. நெல்லோ ஓலையோ கீறிய கண்ணில் பங்கசு வளர்ந்திருந்தால் அந்தச் சொட்டு கருவிழியைக் கரைத்துவிடும். நந்தியாவட்டைச் சாறு, தாய்ப்பால் விட்டீர்களா என்று ஏசாமல் கேளுங்கள். ஏசினால் உண்மை வராது. சுண்ணாம்பு தெறித்த கண் வந்தால் பதிவு, வரிசை ஒன்றும் பார்க்க வேண்டாம். இமையைப் புரட்டித் துணுக்கை எடுத்து, சுத்தமான தண்ணீர் அல்லது சேலைன் 30 நிமிடம் விடாமல் ஊற்றி, பிறகுதான் வாகனம்.

கண்நோய் பரவுகிற காலமென்றால் பீழை கட்டிய கண்ணோடு வருகிறவரை வாசலிலேயே பிரித்து இருத்துங்கள். அவர் போட்ட ட்றயல் பிறேமை அற்ககோல் துணியால் துடைக்காமல் அடுத்தவருக்கு வைக்கக்கூடாது.

பனங்கூடல் எழுதியது:

மிச்சம் நன்றி. 400 கண்ணாடியையும் விட்டிட்டு அந்தக் காசில புதுசு வாங்கிறம். நாளொன்றுக்கு 80 பதிவு எண்டு சங்கத்துக்கும் எழுதிப்போட்டன்.

இன்னும் இரண்டு கேள்வி. சத்திரசிகிச்சை செய்தால் பார்வை வரும் எண்டு நாங்கள் ஒரு ஆளுக்கு முகாமிலயே சொல்லலாமா? சீனி வருத்தம் இருக்கிற எல்லாரையும் வைத்தியசாலைக்கு அனுப்புறதா, அல்லது பார்வை குறைஞ்சவையை மட்டுமா?

ஆறு மீற்றர் எழுதியது:

சீனி வருத்தம் இருந்தால் பார்வை 6/6 என்றாலும் அனுப்புங்கள். விழித்திரையில் இரத்தக் கசிவு தொடங்கி நீண்ட காலத்துக்குப் பார்வை குறையாது, குறையும்போது பிந்திவிடும். வருடத்துக்கு ஒருமுறை விழித்திரை பார்க்க வேண்டும் என்று கிளினிக் கொப்பியிலேயே எழுதிக் கொடுங்கள்.

கண்புரைக்கு உறுதி சொல்லாதீர்கள். அதற்கு முன் ரோச் லைற்றால் இரண்டு சோதனை செய்யலாம். வெளிச்சத்தை ஒரு கண்ணிலிருந்து மற்றக் கண்ணுக்கு மாற்றி மாற்றி, ஒவ்வொன்றிலும் இரண்டு மூன்று செக்கன் நிறுத்துங்கள். வெளிச்சம் வந்த பிறகும் ஒரு கண்மணி சுருங்காமல் விரிந்தால் நரம்பிலோ விழித்திரையிலோ கோளாறு இருக்கிறது. கண்புரை மட்டும் அதைச் செய்யாது. இரண்டாவது, மற்றக் கண்ணை நன்றாக மூடி, மேல், கீழ், இடம், வலம் நான்கு பக்கத்திலிருந்தும் வெளிச்சம் காட்டி எந்தப் பக்கம் என்று கேளுங்கள். இரண்டில் ஒன்று பிழைத்தாலும் துண்டில் எழுதுங்கள், வீட்டாரிடம் "டொக்டர் பார்த்துத்தான் சொல்லுவார்" என்று மட்டும் சொல்லுங்கள்.

இன்னொன்று. எழுபது வயதில் ஒருவர் "இப்ப கண்ணாடி இல்லாமலே பேப்பர் வாசிக்கிறன்" என்று சந்தோசமாகச் சொன்னால் தூரப்பார்வையைப் பாருங்கள். புரை வில்லையின் நடுவில் இறுகும்போது கண் மைனஸ் பக்கம் போகும், கிட்டத்தில் தெரியும், தூரத்தில் மங்கும். கண் நன்றாக இருக்கிறது என்று வீட்டுக்கு அனுப்பப்படுகிறவர்களில் இவர்கள் நிறைய.

நூல்கண்டு எழுதியது:

பிள்ளைகள் பற்றி ஒரு வார்த்தை. ஓகஸ்ட்டில் பள்ளிக்கூட விடுமுறை விழும், வலயக் கல்வி அலுவலகத்தில் திகதி கேட்டுவிட்டுத் திட்டம் போடுங்கள். ஒரு கண் 6/12 அல்லது அதைவிடக் குறைவு, அல்லது இரண்டு கண்ணுக்கும் இரண்டு வரி வித்தியாசம் என்றால் அனுப்ப வேண்டும். சோம்பேறிக் கண் ஏழெட்டு வயதுக்கு முன் பிடிபட்டால்தான் நன்றாகத் திரும்பும். போட்டோவிலோ நேரிலோ கண்மணி வெள்ளையாகத் தெரிகிற குழந்தையை அடுத்த நாளே கண் வைத்திய நிபுணரிடம் காட்ட வேண்டும், அது கண்ணுக்குள் வளரும் புற்றாகவும் இருக்கலாம்.

உங்கள் கைத்தொழில் இங்கேதான் கூடத் தேவை, பனங்கூடல். நம் பிள்ளைகளின் மூக்குத்தண்டு தட்டையானது, பெரிய பிறேம் கன்னத்தில் இறங்கும். 44 முதல் 48 அளவுப் பிறேம், அசைக்கக்கூடிய மூக்குத் தாங்கியோடு கொண்டு வாருங்கள். மூக்குத் தாங்கி, 1.4 மி.மீ. திருகாணி, சின்னத் திருகாணிச் சாவி, பி.டி. (இரண்டு கண்மணிக்கும் இடைத்தூரம்) அளவுகோல் இரண்டிரண்டாக. காலை வளைத்துச் சரிசெய்யத் தலைமயிர் உலர்த்தி போதும். முகாம் நாளில் உங்கள் பக்கத்தில் ஊர்ப் பிள்ளை ஒன்றை இருத்தி, பி.டி. எடுப்பது, மூக்குத் தாங்கி மாற்றுவது, காதுக்குப் பின் வளைப்பது மூன்றையும் பழக்குங்கள். செய்து முடித்த கண்ணாடி வரும்போது நீங்கள் ரொரன்ரோவில் நிற்பீர்கள், பொருத்திக் கொடுக்கப் போவது அந்தப் பிள்ளைதான்.

தீவகத்தான் எழுதியது:

நூல்கண்டு சொன்ன கடைசி விசயத்திலதான் எல்லா முகாமும் விழுறது. எத்தினை பேரைப் பார்த்தம் எண்ட கணக்கு பேப்பரில போட மட்டும் உதவும். எத்தினை பேர் சத்திரசிகிச்சைக் கட்டிலுக்குப் போனவை, எத்தினை பேர் மூண்டு மாதத்துக்குப் பிறகும் கண்ணாடி போடுகினம், இந்த இரண்டையும் எழுதி வையுங்கோ. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை 1976இல 11 கட்டிலோட துவங்கி அவ்வளவு பெரிசா வந்ததுக்கு, முகாமில பார்த்த ஆளை வாகனத்தில ஏத்தி, சாப்பாடு குடுத்து, சத்திரசிகிச்சை முடிச்சு வீட்டில கொண்டுபோய் விட்டதும் ஒரு முக்கிய காரணம்.

அரசாங்க ஆஸ்பத்திரியில சத்திரசிகிச்சைக்குக் காசு இல்லை, ஆனா போய்வாற செலவும் துணைக்கு நிக்கிற ஆளின்ர ஒரு நாள் கூலியும் இருக்கு. உங்கட காசில ஒரு பங்கை அதுக்கு ஒதுக்குங்கோ. கடைசிக் கதிரையில, வாசலுக்குக் கிட்ட, தமிழில வடிவாக் கதைக்கிற ஒருவரை இருத்துங்கோ. எந்த நாள், எந்தக் கிளினிக், சீனியும் பிறஷரும் எவ்வளவுக்குக் குறையவேணும், மருந்துக் கொப்பியைக் கொண்டு போகவேணும் எண்டு ஆளுக்கு அஞ்சு நிமிசம் விளங்கப்படுத்தவேணும்.

வாட்டு மிஸ் எழுதியது:

அந்தக் கதிரையில் இருப்பவர் சத்திரசிகிச்சைக்குப் பிறகானதையும் சொல்லட்டும். சொட்டு மருந்து நாலு முதல் ஆறு கிழமை, வைத்தியர் குறைக்கச் சொல்லும் ஒழுங்கில். சொட்டு விடமுதல் சவர்க்காரம் போட்டுக் கை கழுவல், போத்தல் நுனி இமையில் படாமல் விடல். தலைமுழுக்கு எப்போது என்று வைத்தியர் சொல்லும்வரை கழுத்துக்குக் கீழே குளிப்பு. நோ கூடினால், பார்வை குறைந்தால், சிவப்பு ஏறினால் அடுத்த கிளினிக் நாள் வரை பார்க்காமல் அன்றைக்கே வாட்டுக்கு வரவேண்டும், சில மணித்தியாலப் பிந்தலில் கண் போய்விடும். தீவு ஆட்கள் முதல் ஒரு கிழமையாவது யாழ்ப்பாணப் பக்கம் சொந்தக்காரர் வீட்டில் நிற்க முடியுமா என்று முகாமிலேயே கேட்டு எழுதுங்கள்.

பனங்கூடல் எழுதியது:

விளங்குது. பதிவுக் கொப்பியில் என்ன என்ன நிரல் போடவேணும்?

தீவகத்தான் எழுதியது:

பேர், வயது, ஜே/ எண்டு துவங்கிற கிராம அலுவலர் பிரிவு இலக்கம், வீட்டுக்குக் குறிப்பு (கோயிலுக்குப் பின்பக்கம், இன்ன கடைக்கு முன்னால), போன் நம்பர் இரண்டு, அதில ஒண்டு அயலட்டையின்ர. இரண்டு கண்ணின்ர பார்வையும் கண்ணாடியோட, கண்ணாடி இல்லாமல், பின்ஹோலோட. குடுத்த கண்ணாடி, பி.டி., அனுப்பின இடம், போகவேண்டிய திகதி. கடைசி இரண்டு நிரலை வெறுமையா விடுங்கோ: "போனாரா", "கண்ணாடி கிடைச்சதா". கார்பன் வைச்சு இரண்டு பிரதி, ஒண்டு சங்கத்தில, மற்றது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையில. அந்த இரண்டு நிரலையும் நிரப்பப்போறவரின்ர பேரைக் கொப்பியின்ர முதல் பக்கத்தில முகாமுக்கு முதல்நாளே எழுதிப்போடுங்கோ.